சார்ஜ் ஏறாத மடிக்கணினி: காக்களூர் மேடையிலிருந்து காயலான் கடை வரை

மடிக்கணினியில் சார்ஜ் ஏறவில்லை. சரி செய்வதா, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதா? தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கேட்கப்பட்ட கேள்வி இது. பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தேர்தல் வாக்குறுதி, மின்வெட்டு, ரயில் பயணம், பழைய இரும்புக் கடை எல்லாம் அதில் வருகின்றன. அந்த வரலாற்றின் பல பக்கங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டவை என்பதுதான் வியப்பு!

காக்களூரில் ஒரு நாள்

2011 செப்டம்பர் 15, அறிஞர் அண்ணாவின் பிறந்தநாள். திருவள்ளூர் நகரை ஒட்டியுள்ள காக்களூரில், அப்போதைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்த ஆண்டு மே மாதம்தான் அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்திருந்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு படிப்பவர்களுக்கும், அத்தகைய கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் படிப்பவர்களுக்கும் ஆளுக்கொரு மடிக்கணினி. முதல் ஆண்டில் 9.12 லட்சம், ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் என்பது அன்று சொல்லப்பட்ட இலக்கு. வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு எல்காட் நிறுவனத்துக்கு. இலக்கை முழுதாக எட்டவில்லை என்றாலும், 2020 வாக்கில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயிருந்தன.

காக்களூர் அதற்குப் பொருத்தமான இடம்தான். சிட்கோ தொழிற்பேட்டை இருக்கும் ஊர் அது. வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வளாகம். 1997ல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான திருவள்ளூர் மாவட்டத்தில், அன்றைக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையும் சேர்ந்தே இருந்தது. தந்தை தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி, தாய் நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பிள்ளை அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. இப்படிப்பட்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த வீடுகளில் பலவற்றுக்கு அதுதான் முதல் கணினி.

அன்றைய தினமே விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டமும் தொடங்கியது. அதே மாவட்டத்தில் ஆடு, கறவை மாடு வழங்கும் திட்டமும் தொடங்கியது. கிரைண்டர் கெட்டுப்போனால் தெருமுனைக் கடையில் காயில் சுற்றித் தருவார்கள். மாட்டுக்கு நோய் வந்தால் கால்நடை மருந்தகம் உண்டு. மடிக்கணினி கெட்டுப்போனால்? ஒரே நாளில் வீட்டுக்கு வந்த பொருள்களில், எங்கே போவது என்று தெரியாமல் விழிக்க வைத்தது இது ஒன்றுதான்!

பேட்டரி வந்த பாதை

மடிக்கணினியில் முதலில் தளர்ந்து போகிற உறுப்பு பெரும்பாலும் பேட்டரிதான். மின்சாரம் இல்லாத இடத்திலும் கணினி ஓட வேண்டும் என்ற ஆசைக்குத் தொழில்நுட்ப உலகம் பல வழிகளைப் பார்த்தது. 1989ல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெக்கின்டாஷ் போர்ட்டபிள் கணினியில் இருந்தது கார்களில் உள்ளது போன்ற ஈய அமில பேட்டரி. எடை 7 கிலோவுக்கும் மேல்! அதில் ஒரு வேடிக்கையான குறையும் இருந்தது. பேட்டரி முழுதாகச் செத்துவிட்டால், அடாப்டரைச் சொருகினாலும் ஆரம்பத்தில் வந்த கணினிகள் கிளம்பாது. "சார்ஜ் ஏறவில்லை" என்ற தொல்லை அவ்வளவு பழையது.

பிறகு நிக்கல் வகை பேட்டரிகள் வந்தன. 1991ல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை குறைவு, சக்தி அதிகம். இதற்கு அடித்தளமிட்ட குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மடிக்கணினி பேட்டரியைப் பிரித்தால் (வீட்டில் பிரிக்கக் கூடாது!) உள்ளே 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சிறு உருளைகள் இருக்கும். அதனால்தான் அவற்றுக்கு 18650 என்று பெயர். ஒவ்வொன்றும் சுமார் 3.7 வோல்ட். மூன்று செல்களைத் தொடராகக் கோத்தால் 11 வோல்ட். இதை நிரப்ப வெளியிலிருந்து கூடுதல் வோல்ட் வேண்டும். அதற்காகத்தான் அடாப்டரில் 19 அல்லது 20 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறார்கள்.

இந்த செல்களைக் காவல் காக்க ஒரு சிறு மின்சுற்றும் உள்ளே உண்டு. செல் அளவுக்கு மீறி நிரம்பினாலும் அது தடுக்கும். அளவுக்கு மீறிக் காலியானாலும் பூட்டிவிடும். காவல் ஏன் தேவை என்பதை 2006 காட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் டெல் நிறுவனம் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் ஆப்பிள் 18 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. இரண்டிலும் இருந்தவை சோனி தயாரித்த செல்கள். செல்லுக்குள் கலந்துவிட்ட நுண்ணிய உலோகத் துகள்கள் உள்ளேயே குறுக்கு மின்னோட்டத்தை ஏற்படுத்தித் தீப்பிடிக்க வைத்தன. உலகத்தின் முதல்தரத் தொழிற்சாலையிலிருந்து வந்த செல்லுக்கே இந்த நிலை என்றால், பெயரில்லாத போலி பேட்டரியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

மின்வெட்டுக் காலத்தில் வந்த மடிக்கணினி

மடிக்கணினிகள் வீடு வந்து சேர்ந்த காலம் தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டுக் காலம். 2012ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. கரண்ட் வருகிற நேரத்தில் லோ வோல்டேஜ். தொழிற்சாலைகளுக்கும் மின் கட்டுப்பாடு.

இதில் ஒரு முரண் உண்டு. தமிழகத்துக்கு மின்சாரம் தருகிற மாவட்டங்களில் திருவள்ளூரும் ஒன்று. பொன்னேரிக்குத் தெற்கே அத்திப்பட்டில் 630 மெகாவாட் திறனுள்ள வடசென்னை அனல்மின் நிலையம் 1990களின் நடுவிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் வல்லூரில் தலா 500 மெகாவாட் கொண்ட மூன்று அலகுகளில் முதல் அலகு 2012ல் வந்தது. சாம்பலும் புகையும் இந்த மண்ணுக்கு, மின்சாரம் எல்லோருக்கும்!

மின்வெட்டு மடிக்கணினியை இரண்டு விதமாகத் தாக்கியது. கரண்ட் போனதும் பேட்டரியில் ஓட்டினார்கள். அது முழுக்கக் காலியாகும் வரை ஓட்டினார்கள். மறுபடி கரண்ட் வந்ததும் ஒரேயடியாக நிரப்பினார்கள். லித்தியம் பேட்டரிக்கு இந்த முழு ஏற்ற இறக்கம் ஆகாது. இடைப்பட்ட நிலையில் இருந்தால்தான் ஆயுள் கூடும். இரண்டாவது, வெப்பம். ஓட்டு வீட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், மே மாதத்தில் மெத்தை மேல் வைத்து இயக்கினால் பேட்டரி வேகமாக மூப்படையும்.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது பயன்படுத்தாததால் வருவது. படிப்பு முடிந்ததும் மடிக்கணினியைப் பையோடு பரண் மேல் வைத்துவிட்டவர்கள் பலர். சும்மா இருக்கும் பேட்டரியும் மெல்ல மெல்லக் காலியாகிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் காவல் சுற்று பூட்டிக்கொள்ளும். ஓராண்டு கழித்து எடுத்துச் சொருகினால் அசைவே இருக்காது. கணினி போய்விட்டது என்று வீட்டார் முடிவு கட்டுவார்கள். உண்மையில் போனது பேட்டரி மட்டும்தான்.

நான்கு இடங்கள்

பழுது எங்கே என்று தெரியாமல் முடிவெடுப்பதுதான் பெரிய தவறு. சார்ஜ் ஏறாததற்குக் காரணம் நான்கு இடங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, அடாப்டர். வயர் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கும். அதே வோல்ட், அதே பின், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள இன்னொரு அடாப்டரைக் கடன் வாங்கிச் சொருகிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சில நிறுவனங்களின் கணினிகள் தங்கள் அடாப்டரை அடையாளம் காணவில்லை என்றால் ஓடும், ஆனால் சார்ஜ் ஏற்றாது. இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, பின் சொருகும் ஜாக். வயரை ஆட்டினால் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் ஜாக்கின் பற்றவைப்பு விட்டிருக்க வாய்ப்பு அதிகம். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

மூன்றாவது, பேட்டரி. 2011ஐ ஒட்டி வந்த பல கணினிகளில் பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம். கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நன்றாக ஓடினால் அடாப்டரும் ஜாக்கும் குற்றமற்றவை. விண்டோஸ் 8 முதல் பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதியும் இருக்கிறது. புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று அது சொல்லும். பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

நான்காவது, மதர்போர்டு. சார்ஜைக் கட்டுப்படுத்தும் சில்லு எரிந்திருக்கலாம். இதற்குத்தான் கைதேர்ந்த ஆள் வேண்டும், செலவும் கூடும்.

முதல் மூன்று இடங்களில் பழுது என்றால், மற்ற பாகங்கள் நன்றாக இருக்கும்வரை, சரி செய்வதே லாபம். அதிகபட்சம் ஒரு பேட்டரியின் விலையோடு முடிந்துவிடும். நான்காவது என்றால்தான் யோசிக்க வேண்டும். செலவு புதுக் கணினி விலையில் பாதியைத் தொடுகிறதா? திரையும் கீபோர்டும் இன்னும் எத்தனை வருடம் உழைக்கும்? எதற்காகத் தேவைப்படுகிறது? பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் யோசனைக்கே இடமில்லை. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திக் கழற்றிவிட வேண்டும். ஊசியால் குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது.

ரிச்சி தெருவுக்கு ஒரு பயணம்

பழுது தெரிந்தாயிற்று. எங்கே போவது? தமிழ்நாட்டுக்குத் தெரிந்த விடை சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் 48 கிலோமீட்டர். திருவள்ளூரிலிருந்து சுமார் 42. டிக்கெட் விலை குறைவுதான். ஆனால் ஷிப்ட் வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். கொடுத்துவிட்டு வந்து மறுபடி வாங்கப் போனால் இரண்டு நாள் சம்பளம். ஜாக் மாற்றும் கூலியைவிட இது அதிகம்! சரி செய்வதா வேண்டாமா என்பதைப் பல வீடுகளில் தீர்மானித்தது உதிரிபாகத்தின் விலை அல்ல, தூரம்தான்.

இன்னொரு சிக்கல் உதிரிபாகம். ஆண்டுதோறும் டெண்டர் மூலம் வாங்கியதால் லெனோவா, ஏசர், எச்சிஎல் என்று நிறுவனங்களும் மாடல்களும் மாறிக்கொண்டே வந்தன. ஒன்றின் பேட்டரி இன்னொன்றுக்குச் சேராது. 2013ல் எச்சிஎல் நிறுவனம் கணினி தயாரிப்பிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. தயாரித்தவரே கடையை மூடிய பிறகு, அதே பேட்டரிக்கு எங்கே போவது? அந்த இடைவெளியை நிரப்பியவை போலிகள். 2012ல் மத்திய அரசு வெளியிட்ட கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் மடிக்கணினிகள் வந்தன. பின்னர் அடாப்டர்களும் பேட்டரிகளும் சேர்க்கப்பட்டன. பேட்டரி வாங்கும்போது ஐஎஸ் 16046 என்ற எண்ணும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பரணிலிருந்து இறங்கிய நாள்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கல்வித் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் மாறின. அந்த ஜூலையில் தமிழக அரசு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் விலையில்லா மடிக்கணினிகளிலேயே காணொளிப் பாடங்களைப் பதிவேற்றித் தர ஏற்பாடு செய்தது. மடிக்கணினியைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று பாடங்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இணையம் இல்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் சார்ஜ் ஏறாத மடிக்கணினி வைத்திருந்த மாணவியின் நிலை என்ன? ரயில் ஓடவில்லை. கடைகள் பாதி நாள் மூடல். கீழே சில நூறு ரூபாய் ஜாக், மேலே ஒரு வருடப் படிப்பு. அண்ணன், அக்காவின் பழைய மடிக்கணினி பரணிலிருந்து இறங்கியதும் அப்போதுதான். அடாப்டரில் மட்டும் ஓடுகிற கணினிகூட, பேட்டரி இல்லாமலேயே பாடம் காட்டியது. பழுது பார்த்து வைத்திருந்த வீட்டுக்கு அது சேமிப்பு போல உதவியது. தூக்கிப் போட்ட வீட்டுக்கு அது இல்லை.

காயலான் கடைக்குப் போனால்...

சரி, தூக்கிப் போட்டால் எங்கே போகும்? பெரும்பாலும் காயலான் கடைக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் அடையாளமே பழைய உலோகத்தைப் புதிதாக்கும் தொழில்தான். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உலைகள், பழைய வாகன மற்றும் இன்வெர்ட்டர் பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகள் இங்கே இயங்கி வந்திருக்கின்றன. மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அதனால் ஒரு மறுவாழ்வு உண்டு. ஈய அமில பேட்டரிகளைத் திரும்பப் பெற 2001லேயே விதிகள் வந்துவிட்டன. ஈயம் நரம்பையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும் என்பதால், முறையான ஆலையில் நடப்பதற்கும் கொல்லைப்புறத்தில் நடப்பதற்கும் வித்தியாசம் மிகப் பெரிது.

மடிக்கணினியின் லித்தியம் பேட்டரி வேறு சாதி. அதில் ஈயம் இல்லை. லித்தியம், நிக்கல், கோபால்ட் போன்றவை உண்டு. பழைய இரும்போடு சேர்த்து நசுக்கினால் தீப்பிடிக்கும். ஆபத்து நசுக்குகிற தொழிலாளிக்கு! மின்னணுக் கழிவுக்கென இந்தியாவில் தனி விதிகள் 2011ல் அறிவிக்கப்பட்டு 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. அதாவது காக்களூர் விழாவும் இந்த விதிகளும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள். தயாரிப்பாளரே கழிவுக்கும் பொறுப்பு என்பது அதன் சாரம். 2016லும் 2022லும் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. 2022ல் பேட்டரிக் கழிவுக்கான புதிய விதிகள் லித்தியம் வகையையும் சேர்த்துக்கொண்டன.

ஆனால் விதி வேறு, நடைமுறை வேறு. 2022ல் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்று ஐநா அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. எனவே ஒரு ஜாக்கை மாற்றி மூன்று வருடம் கூடுதலாக ஓட்டுவது, மறுசுழற்சியைவிடவும் மேலானது.

காற்று மாறுகிறது

இப்போது உலகமே இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. பிரான்ஸ் 2021 முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்குப் பழுது பார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் போடச் சொன்னது. ஒரே வகை சார்ஜர் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம், யுஎஸ்பி சி வகையைக் கைபேசிகளுக்கு 2024 டிசம்பர் முதலும் மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் முதலும் கட்டாயமாக்கியது. பயனரே கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி வேண்டும் என்ற அவர்களின் விதிக்கு 2027 பிப்ரவரி கெடு. 2011ல் கையால் கழற்ற முடிந்த பேட்டரி பிறகு உள்ளே ஒளிந்துகொண்டது. அதை மறுபடி வெளியே கொண்டுவர ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் வந்தது.

பழைய கணினி வைத்திருப்போர் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. அதற்காகக் கணினியை எறிய வேண்டியதில்லை. பழைய கணினியிலும் ஓடக்கூடிய லினக்ஸ் வகைகள் பல இருக்கின்றன. சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவை தமிழிலும் வேலை செய்யும்.

2025 மார்ச் மாதத் தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்ற அறிவிப்பு வந்தது. முந்தைய 50 லட்சம் மடிக்கணினிகள் கற்றுத் தந்த பாடம் இங்கே உதவ வேண்டும். வாங்கும்போதே, பேட்டரியும் ஜாக்கும் எத்தனை வருடம் கிடைக்கும் என்று டெண்டரில் கேட்கலாம். ஐடிஐகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் பழுது பார்க்கும் மையம் வைக்கலாம். அப்படி இருந்தால் கும்மிடிப்பூண்டிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து ரயில் ஏற வேண்டியதில்லை. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு தொழில் கைவரும்.

கிரைண்டருக்கு எப்போதோ கிடைத்துவிட்ட அந்தத் தெருமுனைக் கடை மடிக்கணினிக்கும் கிடைத்துவிட்டால், "சரி செய்வதா, தூக்கிப் போடுவதா" என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்த மாதிரிதான். மீதிப் பாதி, சொருகிய விளக்கு எரியவில்லை என்றதும் காயலான் கடையைத் தேடாமல், அந்த நான்கு இடங்களையும் வரிசையாகப் பார்ப்பதில் இருக்கிறது.